சத்தத்தைக் குறைத்த சனிக்கிழமை

குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, போன வாரம் என்னைச் சூழ்ந்துகொண்டு, "அக்கா, இணைய வயர் இல்லாத வீட்டுல லினக்ஸ் எப்படிப் போடுறது? ஒரு குறிப்பு எழுதிக் குடுங்க லா" என்று கேட்டீர்கள். குறிப்பெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. எந்தப் பொத்தானை எப்போது அமுக்க வேண்டும் என்று படம் போட்டே காட்டுகிறார்கள். அதை நான் மறுபடி எழுதினால் உங்களுக்கும் தூக்கம் வரும், எனக்கும் தூக்கம் வரும். அதனால் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒரு சனிக்கிழமையைப் பற்றி எழுதுகிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. படித்துவிட்டுச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஈப்போவில் கணினி பழுதுபார்க்கும் கடையில் தலை நரைக்கும்வரை வேலை செய்தவள் நான். "ஸ்டெல்லா கை வைத்தால் முடிந்தது" என்று எங்கள் கடை முதலாளி, எங்கள் தவுக்கே, வாடிக்கையாளர்களிடம் சொல்லுவார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் தலை கனத்துப்போயிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வாரக் கடைசியில் சிலிபின் பகுதித் தேவாலய மண்டபத்தில், இப்போது நீங்கள் உட்காரும் அதே நீள மேசையில், பழைய மடிக்கணினிகளைச் சரிசெய்து தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் ஓய்வு பெறுவதற்கு ஓராண்டு இருக்கும்போதுதான் லட்சுமி என்ற பெண்ணிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, என் வீட்டுக்காரரு கம்ப்யூட்டரு ரொம்ப மெதுவா பேசுதுக்கா. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிக் குடுக்க முடியுமா?"

கம்ப்யூட்டர் பேசுகிறதா என்று கேட்டேன். அப்புறம்தான் விஷயம் புரிந்தது. அவள் கணவன் சேகருக்குக் கண் தெரியாது. பத்துப் பதினைந்து வருடம் லோரி ஓட்டியவன். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது. திரையில் இருக்கும் எழுத்தைக் கணினியே குரலில் படித்துச் சொல்லும் வசதி இருக்கிறதல்லவா, அதைப் பயிற்சி நிலையத்தில் கற்றுக்கொண்டு, காதாலேயே கணினியைப் பயன்படுத்தி வந்தான்.

அவனுக்கு ஒரு வேலை வாய்த்திருந்தது. ஈப்போவில் ஒரு லோரி கம்பெனிக்கு, வழியில் மாட்டிக்கொள்ளும் ஓட்டுநர்கள் போன் செய்தால் எடுத்துப் பதில் சொல்ல ஆள் வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். பேராக் மாநிலத்துச் சாலை எல்லாம் சேகருக்கு மனப்பாடம். ஆனால் எந்த லோரி எங்கே போகிறது, என்ன சாமான் ஏற்றியிருக்கிறது என்பதைக் கணினி படித்துச் சொல்ல வேண்டும். அவனுடைய பழைய மடிக்கணினியோ, ஒரு விசையைத் தட்டினால் நாலைந்து விநாடி கழித்துத்தான் வாயைத் திறந்தது. போனில் காத்திருக்கிறவன் அவ்வளவு நேரம் பொறுப்பானா? சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேற்பார்வையாளர் சோதனைக்குக் கூப்பிடுவார், எல்லாம் சரியாக இருந்தால் திங்கட்கிழமை வேலை ஆரம்பம், இல்லையென்றால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

விண்டோஸுக்குப் பதிலாக, இலவசமாகக் கிடைக்கும் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போட்டால் அந்தக் கணினி ஓடும் என்று எனக்குத் தெரியும். "அதெல்லாம் ஒரு மணி நேர வேலை, வாரேன்" என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை மதியம் சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே போனேன். முன்பு ரப்பர்த் தோட்டம், இப்போது செம்பனைத் தோட்டம். வாய்க்கால் மேல் தாழ்வாக ஒரு பாலம். அதைத் தாண்டினால் இரண்டு வரிசை வீடுகள். பொது மண்டபத்துக் கம்பத்தில் ஒரு பெட்டியைக் கட்டி அதிலிருந்து எல்லா வீட்டுக்கும் வைஃபை வருகிறது. பெட்டிக்குப் பூட்டு, சாவி வேறு யாரிடமோ. வீட்டுக்குள் இணைய வயர் என்று எதுவும் கிடையாது.

சேகர் வாசலிலேயே நின்றிருந்தான். என் காரின் சத்தத்தை வைத்தே, "அக்கா, உங்க பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு" என்றான். போய்ப் பார்த்தேன், கம்மியாகத்தான் இருந்தது.

வேலையை ஆரம்பித்தேன். அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அக்கா, பழச அழிக்கிறதுக்கு முன்னால, புதுசு எப்படிப் பேசுதுன்னு ஒரு தடவ கேட்டுப் பார்க்கலாமா?" என்றான்.

கவனியுங்கள். அழிக்காமலே, பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டிப் பார்க்கும் வழி இருக்கிறது. நீங்கள் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் படியைத்தான் அவன் தன் பாஷையில் கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வேணாம் தம்பி, எல்லாம் ஒரே மாதிரிதான் பேசும். நேரம் ஆகுது லா." அன்றிரவு எனக்கு சிலிபினில் ஒரு கல்யாண விருந்து. கட்ட வேண்டிய சேலைகூட எடுத்து வைத்தாகிவிட்டது. அழி என்று அமுக்கிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் புது லினக்ஸ் எழுந்து நின்றது. குரல் விறுவிறுவென்று பேசியது. சேகர் முகமெல்லாம் சிரிப்பு. நான் வைஃபை பட்டியலைத் திறந்தேன். அந்தக் குரல் ஆங்கிலத்தில், 'வைஃபை கருவி எதுவும்' என்று ஆரம்பித்தது.

அது என்ன சொல்லப்போகிறது என்று திரையில் நான் படித்துவிட்டேன். கருவி எதுவும் இல்லை. அந்த மடிக்கணினியின் வைஃபை சில்லுக்குத் தனியாக ஒரு மென்பொருள் வேண்டும். அது இந்தப் பென் டிரைவில் கிடையாது. இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். இணையம் வர வைஃபை வேண்டும். வைஃபை வர அந்த மென்பொருள் வேண்டும். பழைய சிஸ்டம் நத்தை மாதிரி ஊர்ந்தாலும் அதில் வைஃபை ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்ததை நான்தான் அழித்திருந்தேன்.

என் விரல் என்னைக் கேட்காமலே சத்தத்தைக் குறைக்கும் விசைக்குப் போனது. அமுக்கி அமுக்கிச் சுத்தமாக அடக்கிவிட்டேன்.

"என்னக்கா, நின்னு போச்சு?"

"இன்னும் ஏறிக்கிட்டு இருக்கு தம்பி. கொஞ்சம் பொறு."

கண் தெரியாத மனிதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவன் பார்க்க முடியாத திரையைப் பற்றி நான் பொய் சொன்னேன். எழுதும்போது இப்போதும் கூசுகிறது. கண் தெரிந்தவராக இருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கவே முடியாது. எட்டிப் பார்த்துவிடுவார்.

போனில் ஹாட்ஸ்பாட் போடலாமே என்பீர்கள். அதையும் வைஃபை வழியாகத்தான் கணினி பிடிக்க வேண்டும். புளூடூத்? அதுவும் அதே சில்லில்தான். போனை வயரில் இணைத்து, போன் வாங்கும் இணையத்தைக் கணினிக்குக் கொடுக்கலாம். அதுதான் வழி. அதற்கென்றே நான் வைத்திருந்த நல்ல வயர் கடை மேசையில் படுத்துக் கிடந்தது. கையில் இருந்ததோ பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கியது. அதில் மின்சாரம் மட்டும்தான் போகும், தகவல் போகாது. உள்ளே இரண்டு கம்பிதான்.

ஓடிப்போய் வாங்கி வரலாம் என்று எழுந்தேன். அதற்குள் மழை. சாதாரண மழையா அது! கூரைத் தகரம் பிய்ந்துபோகிற மாதிரி கொட்டியது. லட்சுமி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அலாமா, பாலம் முங்கிடும்க்கா. இனி ரெண்டு மூணு மணி நேரத்துக்கு யாரும் போக முடியாது" என்றாள். மணி மூன்றேகால்.

"லட்சுமி, போன்லருந்து ஒரு ஃபைல் எடுக்கணும். பக்கத்து வீடுகள்ல வயர் இருந்தா வாங்கிட்டு வாம்மா" என்றேன். அவளிடமும் முழு உண்மையைச் சொல்லவில்லை. அவள் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். முதலில் நாலு, அப்புறம் மூன்று, அப்புறம் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய. 'சேகர் அண்ணனுக்கு' என்றதும் சார்ஜில் கிடந்த போனைக்கூடப் பிடுங்கிப்போட்டு வயரைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகச் செருகினேன். ஒவ்வொன்றுக்கும் போன் 'சார்ஜ் ஆகிறது' என்றது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நாலு மணி. நாலேகால்.

சேகர் கையை மடியில் கட்டிக்கொண்டு மழையைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "அக்கா, உங்களுக்கு ஒரு பழக்கம் இருக்கு, தெரியுமா? மனசு பதறுனா பல்லுக்கு இடையில காத்த இழுக்குறீங்க. ஸ்ஸ்னு. இந்த ஒரு மணி நேரமா இழுத்துக்கிட்டே இருக்கீங்க" என்றான்.

நான் இன்னொரு வயரை எடுத்துச் செருகினேன்.

"சத்தத்த ஏன் குறைச்சீங்க?"

இத்தனை வருட வேலையில் எத்தனை முதலாளிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், அழுததில்லை. அன்றைக்குக் கண் நிறைந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டுப் பார்க்கலாமா என்று கேட்டபோது நான் விட்டிருந்தால் வைஃபை வேலை செய்யாதது அப்போதே தெரிந்திருக்கும், நான் அவசரப்பட்டு அழித்துவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். மணி நாலரை ஆகப்போகிறது, முடியுமா முடியாதா என்று எனக்கே தெரியவில்லை என்றும் சொன்னேன்.

"அது பாதி சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சுக்கா. நீங்களே சொல்லுவீங்கன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்" என்றான் சேகர். "கண்ணு போனப்ப சொந்தக்காரங்க எல்லாம் இப்படித்தான். என் பக்கத்துல வந்ததும் கொரல தாழ்த்திடுவாங்க. எனக்குக் கேட்டா வருத்தப்படுவேன்னு. எனக்கு இருக்குறதே காதுதான்க்கா. அதையும் அடைச்சா நான் எங்க போறது?"

பிறகு கொஞ்சம் சிரித்தான். "மூணு வருஷமா எல்லாரும் எனக்குத்தான் ஒத்தாசை பண்றாங்க. எவனாச்சும் ரோட்டுல மாட்டிக்கிட்டு என்கிட்ட ஒத்தாசை கேக்கணும், அதுக்குத்தான் இந்த வேலை. சரி, அழுதது போதும். சத்தத்த வைங்க. அந்த வயரெல்லாம் என் மடியில போடுங்க."

சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். வயர்களை அள்ளி அவன் மடியில் போட்டேன். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நீளமாக உருவிப் பார்த்தான். தள்ளினான். தள்ளினான். ஒன்றில் விரல் நின்றது.

"இத செருகிப் பார்த்தீங்களா?"

"அது நாய் கடிச்சது தம்பி. பல்லு பதிஞ்சு கிடக்கு. அதையா?" பார்த்ததுமே அதை நான் ஓரமாக எறிந்திருந்தேன்.

"மத்ததவிட தடிப்பா இருக்குக்கா. என் லோரியில லைட் வயரெல்லாம் நான்தான் மாத்துவேன். இதுக்குள்ள நாலு கம்பி இருக்கும்."

ஒரு முனையை என் போனில் செருகி மறுமுனையைக் கணினியில் செருகினேன். போனில் அதே 'சார்ஜ் ஆகிறது'. "இல்ல தம்பி" என்று பிடுங்கப் போனேன்.

"நில்லுங்க! இப்ப ஏதோ பேசுச்சு. 'புதுக் கருவி'ன்னு ஆரம்பிச்சு அப்படியே விட்டுருச்சு."

எனக்குக் கேட்கவே இல்லை. மழைச் சத்தத்தில் அந்த அரைச் சொல்லை அவன் பிடித்திருந்தான். நாய் கடித்த இடத்தில் கம்பி விட்டு விட்டுத் தொட்டுக்கொண்டிருந்தது. சேகர் அந்த இடத்தை இரண்டு விரலால் பிடித்து, மெல்ல மடித்து, ஒரு பக்கமாகத் திருப்பினான். குரல் பேசியது. விட்டது. இன்னும் கொஞ்சம் திருப்பினான். குரல் பேசியது, நிற்கவில்லை. போனில் நான் இணைய இணைப்பைத் தட்டினேன். கணினி கணீரென்று ஆங்கிலத்தில், வயர் இணைப்பு கிடைத்துவிட்டது என்று அறிவித்தது.

"அசையாத" என்றேன்.

"நான் எங்கக்கா அசையப்போறேன்" என்றான்.

மண்டபத்துக் கம்பத்திலிருந்து மழைக்குள் வந்து சேர்ந்த இணையம் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவன் கேட்பதற்காக ஒவ்வொரு எண்ணையும் கணினியைப் படிக்க வைத்தேன். ஒன்பது சதவீதம். பதினாறு. இருபத்தொன்று. அவன் விரல்கள் மரத்து வெளுத்துப்போயின. நான் மாற்றிப் பிடிக்கிறேன் என்றேன். "வேணாம்க்கா, எந்த இடம்னு என் விரலுக்குத்தான் தெரியும்" என்றான். லட்சுமி கோப்பி கலக்கிக்கொண்டு வந்தாள். அவனுக்கு வாங்கக் கை இல்லை. அவள் தரையில் மண்டிபோட்டு, கிளாஸை அவன் வாயருகே பிடித்து, ஆற ஆறக் குடிக்க வைத்தாள். நான் திரையைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாற்பத்தெட்டு என்றதும் ஒரு முறை அறுந்தது. மறுபடி பிடித்தான். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஐந்து முப்பத்தைந்துக்கு முடிந்தது. கணினியை அணைத்து மறுபடி இயக்கினேன். வைஃபை பட்டியலைத் திறந்து, வாயை மூடிக்கொண்டு, குரலைப் பேசவிட்டேன். அது மண்டபத்து வைஃபையின் பெயரைச் சொன்னது. சேகர் அந்த வயரை விட்டுவிட்டு இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டான்.

ஆறு மணிக்குக் கணினியில் மணி அடித்தது. மேற்பார்வையாளர் ஒரு சீனப் பெண்மணி, மலாய் மொழியில் பேசினார். திரையில் ஒரு ஆர்டர் அனுப்பியிருக்கிறேன், படியுங்கள் என்றார். காதில் மாட்டிய கருவியில் குரல் சொல்லச் சொல்ல சேகர் தடுமாறாமல் சொன்னான். பிறகு அவர், பாரிட் புந்தார் போகிற லோரி ஒன்று, முன்னால் சாலை அடைபட்டிருக்கிறது, ஓட்டுநருக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். சேகர் நிமிர்ந்து உட்கார்ந்தான். எந்த முச்சந்தியில் திரும்ப வேண்டும், எந்த வயல் சாலையில் பாரம் ஏற்றிய லோரி போகக்கூடாது, எந்தக் கடை முன்னால் நிறுத்தித் திருப்ப இடம் இருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். அந்தப் பெண்மணியே போதும் என்று நிறுத்தும்படி ஆயிற்று. திங்கட்கிழமை எட்டரைக்கு என்று சொல்லி வைத்துவிட்டார். லட்சுமி அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கல்யாண விருந்துக்கு நான் போகவில்லை. பாலத்தில் வெள்ளம் வடிந்ததும் அவர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். நாய் கடித்த வயரை எனக்குத் தருவீர்களா என்று கேட்டு வாங்கி வந்தேன். பதிலுக்கு என் கடை மேசையில் கிடந்த நல்ல வயரை, அதைக் கொடுத்திருந்த பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தேன். நம் கருவிப் பெட்டியில் மஞ்சள் டேப் சுற்றிய ஒரு வயர் கிடக்கிறதே, தூக்கிப் போடலாமா என்று வாராவாரம் யாராவது கேட்கிறீர்களே, அதுதான். தூக்கிப் போட்டீர்கள் என்றால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

வயர் இல்லாத வீட்டுக்குப் போகிறவர்கள் வைஃபைக்கான மென்பொருளை முன்கூட்டியே பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள், தகவல் போகும் வயர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், அழிப்பதற்கு முன் ஓட்டிப் பாருங்கள். இதெல்லாம் எந்தக் குறிப்பிலும் இருக்கும். அந்தக் கணினியின் சொந்தக்காரர் பக்கத்தில் இருந்தால் அவரையும் கேட்கவிடுங்கள் என்பது எந்தக் குறிப்பிலும் இருக்காது. தப்பு நடந்தால், நடந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் வீணாக்கினேன். அந்த நேரம் முழுக்க, சரியான வயரைக் கண்டுபிடிக்கத் தெரிந்த விரல்கள் என் பக்கத்திலேயே சும்மா இருந்தன. நான் வேலை செய்யும்போது சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன், காது வலிக்கிறது என்று முணுமுணுக்கிறீர்கள். வலித்தால் வலிக்கட்டும்.

திங்கட்கிழமை காலை கடையில் எனக்கு வேலையே ஓடவில்லை. ஒன்பது மணிக்குப் பொறுக்க முடியாமல் அந்த லோரி கம்பெனி எண்ணுக்கு நானே போன் செய்தேன். இரண்டாவது மணியில் எடுத்தான்.

"வணக்கம், சேகர் பேசுறேன். எந்த லோரிங்க?"

அவன் காதுக் கருவியிலிருந்து கசிந்து அந்தக் குரல் விறுவிறுவென்று ஆர்டர்களைப் படித்துக்கொண்டிருந்தது. பல்லுக்கு இடையில் காற்றை இழுத்தேன் போலிருக்கிறது.

"அக்காவா?" என்று சிரித்தான். "என்னக்கா, மறுபடியும் சத்தத்தக் குறைச்சிட்டீங்களா?"

"இல்ல தம்பி. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"சரிக்கா, வைங்க. ஒரு லோரி காத்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டான்.